ஐந்தடி பதினோரு அங்குலம்: ஒரு லைன்பேக்கரை அளப்பது எப்படி?



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றியது. அதிலும் ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. கல்லூரி ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்த ஒரு லைன்பேக்கர், உடல் அளவில் மட்டும் சற்றுக் குறைந்தவர். அவரைத் தொழில்முறை அணி எடுக்கலாமா, வேண்டாமா? எடுப்பதென்றால் எந்த விலைக்கு எடுக்கலாம்? கேள்வி சிறியதுதான். ஆனால் இந்தக் கேள்விக்கு மீண்டும் மீண்டும் தவறான விடை சொல்லியிருக்கிறார்கள், அந்த விளையாட்டையே தொழிலாகக் கொண்ட வல்லுநர்கள். ஏன் தவறினார்கள், எங்கே தவறினார்கள், தவறாமல் பார்ப்பது எப்படி என்பதைத்தான் உங்களோடு சேர்ந்து யோசிக்க வந்திருக்கிறேன்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரு பக்கமும் 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். தடுக்கும் அணியின் முன்வரிசையில் மலை போன்ற ஆட்கள் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நான்கைந்து கெஜம் தள்ளி நிற்பவர்தான் லைன்பேக்கர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால் அவர் முன்னேறி வீழ்த்த வேண்டும். பந்தை வீசினால் பின்வாங்கிக் காக்க வேண்டும். சமயம் பார்த்து எதிரணியின் மூளையான குவார்ட்டர்பேக் மேல் பாயவும் வேண்டும். மூன்று வேலை, ஒரே ஆள். எந்த வேலை என்பது பந்து நகர்ந்த நொடியில்தான் தெரியும். ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், என்.எஃப்.எல். அமைப்பின் 32 அணிகளும் ஏழு சுற்றுகளாக ஆட்களை எடுக்கின்றன. முதல் சுற்றில் போனால் புகழும் கோடிகளும். கடைசிச் சுற்று என்றால், முகாமிலிருந்து எப்போது வீட்டுக்கு அனுப்புவார்களோ என்ற அச்சம்.

நகோபி டீன் என்ற வீரரை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் லைன்பேக்கர். உயரம் 5 அடி 11 அங்குலம். எடை 229 பவுண்டு. நம் கணக்கில் 104 கிலோ. இவர் நம் தெருவில் நடந்து போனால் யாரப்பா இந்தப் பயில்வான் என்று திரும்பிப் பார்ப்போம். இவரைத்தான் அந்த உலகம் சிறியவர் என்றது. 2021 பருவத்தில் 72 டேக்கிள்கள் (பந்தோடு வருபவரை வீழ்த்தியது), குவார்ட்டர்பேக்கை ஆறு முறை வீழ்த்தியது, எதிரணி வீசிய பந்தை இருமுறை பறித்தது என்று ஆடி, நாட்டின் சிறந்த கல்லூரி லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதைப் பெற்றார். 2022 ஜனவரி 10 அன்று இண்டியானாபொலிஸ் நகரில் அலபாமாவை 33-18 என்று வென்று, ஜார்ஜியா தேசிய வாகை சூடியது. அந்தத் தடுப்பணியின் நடுவில் நின்று மற்றவர்களுக்கு ஆணையிட்டவர் டீன்தான். இதைவிட ஒரு கல்லூரி வீரர் செய்து காட்ட என்ன இருக்கிறது?

ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் வந்தது. அதே ஜார்ஜியா தடுப்பணியிலிருந்து ஐந்து பேர் முதல் சுற்றிலேயே போனார்கள். டிரவான் வாக்கர் முதலாவது ஆளாக, ஜோர்டன் டேவிஸ் 13-ஆவதாக, குவே வாக்கர் 22-ஆவதாக, டெவான்டே வயாட் 28-ஆவதாக, லூயிஸ் சீன் 32-ஆவதாக. இவர்களில் குவே வாக்கர் யார் தெரியுமா? டீனுக்குப் பக்கத்தில் நின்று ஆடிய லைன்பேக்கர். உயரம் 6 அடி 4 அங்குலம். விருது வாங்கியவர் டீன். முதல் சுற்றில் போனவர் வாக்கர். டீன் முதல் சுற்று முழுக்கக் காத்திருந்தார். இரண்டாம் சுற்று முழுக்கக் காத்திருந்தார். மூன்றாம் சுற்றில், 83-ஆவது ஆளாக, பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி அவரை எடுத்தது. அந்த அணியும் அதற்கு முன் தன் கையிலிருந்த இரண்டு வாய்ப்புகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்திருந்தது.

உடல் அளவு மட்டுமே காரணம் என்று நான் சொன்னால் அது நியாயமாகாது. டீனின் மார்புத் தசைக் காயத்தைப் பற்றி அணிகளுக்குக் கவலை இருந்தது. ஆண்டுதோறும் இண்டியானாபொலிஸில் நடக்கும் காம்பைன் சோதனையில் அவர் 40 கெஜ ஓட்டம் ஓடவில்லை. உயரம் போதாது என்ற ஐயத்தை வேகத்தால் தீர்த்து வைக்கலாம். அந்த எண்ணும் இல்லாமல் போனதால் ஐயம் அப்படியே நின்றது. குறை தெரிந்தது, நிறைக்கு எண் இல்லை. ஒரு சிறிய வீரருக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் சான்று தேவைப்படுகிறது என்பதை இங்கே கவனியுங்கள். 6 அடி 4 அங்குலக்காரர் ஒரு சோதனையைத் தவறவிட்டால், அளவு நாடாவில் பதிவான உயரம் அவருக்காகப் பேசும். 5 அடி 11 அங்குலக்காரருக்குப் பேச யார் இருக்கிறார்கள்?

அப்படியென்றால் உயரத்தைப் பார்ப்பவர்கள் எல்லாம் அறிவில்லாதவர்களா? இல்லை. அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். எதிரணியில் கார்டு என்று ஒருவர் இருக்கிறார். 300 பவுண்டுக்கு மேல், அதாவது 136 கிலோவுக்கு மேல். அவருடைய வேலையே லைன்பேக்கரைத் தேடி வந்து இடித்து ஒதுக்குவதுதான். அவர் கை லைன்பேக்கரின் மார்பில் முதலில் பதிந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. நீண்ட கை உடையவர் முதலில் தொடுவார்; தொட்டவர் நடத்துவார். இது இயற்பியல், இதில் வாதாட இடமில்லை. பட்கஸ் விருது என்றேனே, அந்த டிக் பட்கஸ் சிகாகோ பேர்ஸ் அணியின் பெருவீரர், 6 அடி 3 அங்குலம். லைன்பேக்கர் என்றதும் அமெரிக்க ரசிகர்களின் கண்முன் வந்து நிற்கும் உருவம் அவருடையது. ஓடி வருவதையே நம்பி ஆடிய காலத்தில், நடுவில் நின்று மோதி நிறுத்த அந்த உருவம் தேவைப்பட்டது. தேவையிலிருந்து பிறந்த அளவுகோல் அது.

ஆனால் அந்தத் தேவை அப்படியேதான் இருக்கிறதா? இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். 1978-ல் என்.எஃப்.எல். ஒரு விதியை மாற்றியது. பந்து பிடிக்க ஓடுபவரை ஐந்து கெஜத்துக்கு அப்பால் தள்ளக் கூடாது, முட்டக் கூடாது. 2004-ல் அந்த விதியை இன்னும் கண்டிப்பாக நடுவர்கள் செயல்படுத்தத் தொடங்கினார்கள். விளைவு என்ன? வீச்சு ஆட்டம் பெருகியது. ஓடுபவர்கள் அகல விரிந்து நின்றார்கள். அதை எதிர்கொள்ளத் தடுப்பணிகள் ஒரு லைன்பேக்கரை வெளியே எடுத்துவிட்டு, பின்வரிசைக்கு ஐந்தாவது ஆளைக் கொண்டுவந்தன. நிக்கல் என்று அதற்குப் பெயர். ஒரு காலத்தில் அவசரத்துக்கு ஆடிய அந்த அமைப்பில்தான் இன்று பெரும்பாலான அணிகள் ஆட்டத்தின் பாதிக்கும் மேற்பட்ட பங்கை ஆடுகின்றன. மூன்று லைன்பேக்கர்கள் காத்த நிலத்தை இரண்டு பேர் காக்க வேண்டும். நிலம் குறையவில்லை, ஆள்தான் குறைந்தது. அரிசோனா அணி டியோன் புகானன் என்ற பின்வரிசைக் காவலரையே லைன்பேக்கர் இடத்தில் நிறுத்தி ஆடியது. அவர் எடை ஏறக்குறைய 211 பவுண்டு. டீனைவிட 18 பவுண்டு குறைவு.

இதற்கும் முன்பே பாதை போட்டவர்கள் இருக்கிறார்கள். தாம்பா பே அணியில் டோனி டன்ஜியும் மான்டி கிஃபினும் ஒரு தடுப்பு முறையை வளர்த்தார்கள். உருவத்தைவிட விரைவை அதில் தேடினார்கள். அந்த முறையின் மையத்தில் டெரிக் புரூக்ஸ். உயரம் சரியாக 6 அடி. 2002-ல் ஆண்டின் சிறந்த தடுப்பு வீரர், அதே பருவத்தில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் வெற்றி. 14 பருவங்களில் ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடாதவர். டீன் குழந்தையாக இருந்தபோதே இந்தப் பாடம் கண்முன் இருந்தது. ஆனாலும் தேர்வாளர்கள் பழைய நாடாவை மடித்து வைக்கவில்லை.

சரி, நாடாவை வைத்துவிட்டு எதைப் பார்ப்பது? படத்தைப் பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது? பந்தின் பின்னால் கண்ணை ஓடவிடக் கூடாது. லைன்பேக்கரின் காலைப் பார்க்க வேண்டும். பந்து நகர்ந்ததும் அவருடைய முதல் அடி எங்கே விழுகிறது? சரியான திசையில் விழுகிறதா, அல்லது ஒரு அடி பின்னால் வைத்துத் தயங்கி, பிறகு திரும்புகிறதா? முதல் அடி சரியாக விழும் சிறிய வீரர், கார்டு வந்து சேருமுன் இடைவெளியைக் கடந்துவிடுவார். முதல் அடி பிசகிய பெரிய வீரர் அந்தக் கார்டோடு மல்லுக்கட்டி மீள வேண்டும். யோசித்துப் பாருங்கள், மோதலில் வெல்வது திறமை என்றால், மோதலே நேராமல் வேலையை முடிப்பது அதைவிடப் பெரிய திறமை அல்லவா? ஆகவே சிறிய லைன்பேக்கரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கார்டு பிடித்தால் விடுவித்துக்கொள்வாரா என்பதல்ல. பத்து முறையில் எத்தனை முறை பிடிபடுகிறார் என்பது.

சாம் மில்ஸ் என்ற மனிதரைப் பற்றி இங்கே சொல்லாமல் மேலே போக முடியாது. 5 அடி 9 அங்குலம். நியூ ஜெர்சியின் மாண்ட்கிளேர் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரி. டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. கிளீவ்லாந்து முகாமில் வைத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். கனடாவின் டொராண்டோ அணியும் அனுப்பிவிட்டது. உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். பிறகு யு.எஸ்.எஃப்.எல். என்ற புதிய லீக் தொடங்கியது. பிலடெல்பியா ஸ்டார்ஸ் அணி அவருக்கு இடம் கொடுத்தது. அங்கே பயிற்சியாளராக இருந்த ஜிம் மோரா, 1986-ல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்குப் போனபோது மில்ஸையும் கையோடு அழைத்துப் போனார். ஐந்து முறை, பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான புரோ பௌலுக்குத் தேர்வானார். இப்போது ஒரே ஒரு காட்சி. 1995 அக்டோபர் 15. மில்ஸுக்கு வயது 36. புதிதாகப் பிறந்த கரோலினா பாந்தர்ஸ் அணி அதுவரை ஒரு ஆட்டம்கூட வென்றதில்லை. நியூயார்க் ஜெட்ஸ் குவார்ட்டர்பேக் பப்பி பிரிஸ்டர், வீசப் போவதுபோல் பின்வாங்கி, பாய்ந்து வரும் தடுப்பாளர்களைத் தன் மேல் இழுத்துக்கொண்டு, பந்தைக் கீழ்வாக்கில் பக்கத்திலிருக்கும் ஓட்டக்காரருக்குத் தள்ளிவிட முயல்கிறார். ஆவேசமாகப் பாய்பவரை ஏமாற்றவே வகுத்த ஆட்டம் அது. மில்ஸ் ஏமாறவில்லை. பந்து போகும் வழியில் நின்று அதைக் கையில் வாங்கி, 36 கெஜம் ஓடி, எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்து டச்டவுன் போட்டார். பாந்தர்ஸின் முதல் வெற்றி அன்று கிடைத்தது. அந்தப் பந்தைப் பிடிக்க உயரம் தேவைப்பட்டதா? நீண்ட கை தேவைப்பட்டதா? எதிரணி என்ன செய்யப் போகிறது என்று ஒரு கணம் முன்னால் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

டீனிடம் அது இருந்ததா? 2021 அக்டோபர் 30, ஜாக்சன்வில். ஜார்ஜியாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் ஆட்டம். முதல் பாதி முடியும் தறுவாய். ஃபுளோரிடாவின் குவார்ட்டர்பேக் ஆந்தனி ரிச்சர்ட்சன், 6 அடி 4 அங்குலம். பின்னாளில் டிராஃப்டில் நான்காவது ஆளாகப் போனவர். அவர் வீசிய பந்தை டீன் பறித்துக்கொண்டு 50 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். 40 கெஜ ஓட்டத்தின் எண் இல்லையே என்று கவலைப்பட்டார்களே, அவர்களுக்காகவே ஓடியதுபோல ஒரு 50 கெஜம்! துரத்தி வந்தவர்களும் முதல்தரக் கல்லூரி வீரர்கள்தாம். ஆட்டத்துக்குள் ஓடிய ஓட்டம் நிறுத்துக் கடிகாரத்தில் பதிவாகவில்லை என்பதால் அது ஓட்டம் இல்லாமல் போய்விடுமா?

இன்னொரு சான்றையும் வைக்கிறேன். 1996 டிராஃப்ட். அந்த ஆண்டின் லைன்பேக்கர்களில் முதலில் போனவர் கெவின் ஹார்டி, இரண்டாவது ஆளாக. 6 அடி 4 அங்குலம். நல்ல வீரர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆண்டு லைன்பேக்கர்களில் பெருவீரர்களைப் போற்றும் கேண்டன் நகரப் புகழ்க்கூடத்தில் இடம்பிடித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ரே லூயிஸ், 26-ஆவதாகப் போனவர். அவரையும் அப்போது உருவம் போதாதவர் என்றார்கள். மற்றவர் சாக் தாமஸ். டெக்சாஸ் டெக், 5 அடி 11 அங்குலம், ஐந்தாம் சுற்று, 154-ஆவது ஆள்! மயாமியின் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் விரைவுக்கும் புத்திக்கும் உருவத்தைவிட மதிப்புக் கொடுத்தவர். முகாமில் அந்த ஐந்தாம் சுற்றுப் பையனை வைத்துக்கொண்டு, அனுபவசாலியான ஜாக் டெல் ரியோவை அனுப்பிவிட்டார். தாமஸ் ஏழு முறை புரோ பௌலுக்குப் போனார். புகழ்க்கூடம் அவரை ஏற்றது 2023-ல். டிராஃப்டில் காக்க வைத்தது போதாதென்று ஓய்வுக்குப் பிறகும் அவரைக் காக்க வைத்தார்கள்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: வென்றவர்களின் பெயரை மட்டும் அடுக்குகிறீர்களே, உருவம் போதாமல் தோற்றுப்போனவர்கள் எத்தனை பேர்? கேட்க வேண்டிய கேள்விதான். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று நம்மிடம் பழமொழி இருக்கிறது. அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வழக்கை முடித்துவிட முடியாது. மில்ஸையும் தாமஸையும் காட்டி, சிறியவர்கள் எல்லாரும் வெல்வார்கள் என்று யாராவது சொன்னால் அது பொய். நான் சொல்வது அதுவல்ல. தோற்றவர்களின் கணக்கை எடுக்கும்போது, அவர்களில் எத்தனை பேருக்கு ஆடக் கிடைத்தது என்றும் கேளுங்கள் என்கிறேன். முதல் சுற்றில் எடுத்த ஆள் தடுமாறினால் இன்னொரு பருவம் பொறுப்பார்கள். போட்ட முதலை யார் எளிதில் கைவிடுவார்கள்? எவரும் எடுக்காத ஆள் தடுமாறினால் மறுநாள் காலையில் பெட்டி கட்ட வேண்டும். அதாவது, சிறியவர் என்று கீழே தள்ளுகிறோம். கீழே இருப்பதால் வாய்ப்பு குறைகிறது. வாய்ப்பு குறைவதால் தோற்கிறார். பிறகு அந்தத் தோல்வியையே எடுத்துக்காட்டி, பார், சிறியவர்கள் தேறுவதில்லை என்கிறோம். யு.எஸ்.எஃப்.எல். தொடங்காமல் இருந்திருந்தால் மில்ஸும் அந்தத் தோற்றவர் பட்டியலில்தான் இருந்திருப்பார்.

எதிர்த் திசையிலும் ஒரு பாடம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். 2019-ல் மிச்சிகனின் டெவின் புஷ். அவரும் 5 அடி 11 அங்குலம். 40 கெஜத்தை 4.43 நொடியில் ஓடினார். பிட்ஸ்பர்க் அணி 20-ஆவது இடத்திலிருந்து 10-ஆவது இடத்துக்குத் தாவி, அதற்கு விலையாக மற்றத் தேர்வுகளையும் கொடுத்து அவரை எடுத்தது. முதல் ஆண்டு நன்றாக ஆடினார். 2020-ல் முழங்கால் தசைநார் அறுந்தது. திரும்பி வந்தவர் பழைய புஷ் ஆக இல்லை. ஐந்தாம் ஆண்டு ஒப்பந்த உரிமையை அணி பயன்படுத்தவில்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? நாடா ஒரு எண் என்றால் கடிகாரமும் ஒரு எண்தான். உயரம் என்ற ஒற்றை எண்ணை நம்பி ஒருவரைத் தள்ளுவது எப்படித் தவறோ, வேகம் என்ற ஒற்றை எண்ணை நம்பி அள்ளிக் கொடுப்பதும் ஆபத்துதான். விரைவையே வாழ்வாகக் கொண்ட உடலில் ஒரு முழங்கால் போனால் இழப்பு பெரிது. ஆகவே விலையைப் பற்றிப் பேசாமல் வீரரைப் பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சு.

இரண்டாவது ஆட்சேபம் கூர்மையானது. டீன் கல்லூரியில் சுதந்திரமாக ஓடினார் என்றால், அது அவருடைய திறமையா, முன்னால் நின்றவர்களின் கொடையா? ஜோர்டன் டேவிஸ் 6 அடி 6 அங்குலம், 341 பவுண்டு. ஏறக்குறைய 155 கிலோ. அவர் ஒருவரே இரண்டு பேரைப் பிடித்து நிறுத்துவார். பக்கத்தில் டிரவான் வாக்கர், வயாட். இப்படிப்பட்ட சுவருக்குப் பின்னால் நிற்பவரைக் கார்டு எப்படி எட்டுவார்? சரியான கேள்வி. நான் அதை மறுக்கவில்லை. ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்டு, என் வாதத்தின் நடுத்தூணாகவே அதை வைக்கிறேன். ஆம், டீனுக்குச் சுவர் தேவை. அப்படியானால் கேட்க வேண்டியது, இவர் நல்லவரா என்பதல்ல. எங்கே நல்லவர் என்பது. ஈகிள்ஸ் என்ன செய்தது பாருங்கள். டீனை எடுத்த அதே 2022-ல், முதல் சுற்றில் அந்த ஜோர்டன் டேவிஸையே எடுத்தது. அடுத்த ஆண்டு ஜார்ஜியாவின் இன்னொரு முன்வரிசை மலையான ஜேலன் கார்ட்டரையும் எடுத்தது. கல்லூரியில் எந்தச் சுவருக்குப் பின்னால் நின்றாரோ, அந்தச் சுவரையே கொண்டுவந்து கட்டிவிட்டார்கள்! அந்தச் சுவர் இல்லாத அணிக்கு டீன் 83-ஆவது ஆளுக்கும் கீழாக இருந்திருக்கலாம். அந்தச் சுவர் உள்ள அணிக்கு அவர் முதல் நாற்பதுக்குள் எடுக்கத் தக்கவர். ஒரே உடல், ஒரே உயரம், இரண்டு மதிப்பு. நாடாவால் இதை அளக்க முடியுமா?

உயரமான எதிரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. டிராவிஸ் கெல்சி போன்ற டைட் எண்டுகள், அதாவது வரிசையின் ஓரத்தில் நின்று பந்தும் பிடிப்பவர்கள், 6 அடி 5 அங்குலம் நிற்கிறார்கள். டீனின் தலைக்கு மேல் பந்தை வீசினால் என்ன செய்வார் என்கிறார்கள். சில பந்துகள் தலைக்கு மேல் போகத்தான் செய்யும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2024 நவம்பரில் ஜாக்சன்வில் அணிக்கு எதிராக, ஈகிள்ஸ் 28-23 என்று முன்னிலையில் இருக்க, இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக மீதமிருக்க, 6 அடி 6 அங்குல உயரமுள்ள டிரெவர் லாரன்ஸ் டச்டவுன் எல்லைக்குள் வீசினார். அந்தப் பந்தைப் பறித்து ஆட்டத்தை முடித்து வைத்தவர் டீன்.

கடைசி ஆட்சேபத்தைக் கனத்த மனத்தோடுதான் எடுக்கிறேன்: காயம். சிறிய உடல் இத்தனை மோதலைத் தாங்குமா? டீனின் வரலாறு இதில் அவருக்குச் சாதகமாக இல்லை. 2023-ல் பாதக் காயத்தால் ஐந்து ஆட்டங்கள்தாம் ஆடினார். 2024-ல் 15 ஆட்டங்களில் 128 டேக்கிள்கள் என்று எழுந்து நின்றார். 2025 ஜனவரியில் கிரீன் பே பாக்கர்ஸுக்கு எதிரான முதல் பிளே-ஆஃப் ஆட்டத்தில் முழங்கால் சில்லுத் தசைநார் அறுந்தது. அந்தப் பருவத்தில் ஈகிள்ஸ் சூப்பர் பௌலை வென்றபோது அவரால் ஆட முடியவில்லை. மறுபக்கம் பாருங்கள். லண்டன் பிளெட்சர், 5 அடி 10 அங்குலம், யாரும் எடுக்காமல் வந்தவர். 16 பருவங்கள், தொடர்ச்சியாக 256 ஆட்டங்கள், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. இரண்டு பேரும் சிறியவர்கள். ஒருவருக்குக் காயத்தின் மேல் காயம். ஒருவருக்கு ஒரு நாள் விடுப்பும் இல்லை. உயரத்தை வைத்துக் காயத்தைக் கணிக்க முடியாது. மருத்துவக் கோப்பை வைத்துத்தான் பேச வேண்டும். இதில் இன்னொரு பெயரும் என் நெஞ்சில் நிற்கிறது. விஸ்கான்சினின் கிறிஸ் போர்லாண்ட், 5 அடி 11 அங்குலம், 2014-ல் 77-ஆவது ஆள். சான் பிரான்சிஸ்கோவில் ஒரே பருவத்தில் நூறு டேக்கிள்களைத் தாண்டினார். 2015 மார்ச்சில், தலையில் விழும் அடிகள் மூளையை என்ன செய்யும் என்று எண்ணிப் பார்த்து, ஓய்வு பெற்றுக்கொண்டார். ஆடத் தெரியாமல் போகவில்லை. அவர் ஆடக் கூடியவர் என்று சொன்ன தேர்வாளர் சரியாகவே சொன்னார். ஆனால் வீரரை எடை போடும் நாம், எடை போடுவது ஒரு மனிதனை என்பதை மறந்துவிடக் கூடாது.

கடைசியாக ஒரு தொடர்பைச் சொல்லிவிடுகிறேன். 2022 பிப்ரவரியில் புகழ்க்கூடம் சாம் மில்ஸைத் தேர்ந்தெடுத்தது. அவர் மறைந்து ஏறக்குறைய 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டே மாதம் கழித்து, அதே ஆண்டு ஏப்ரலில், டீன் 83-ஆவது அழைப்புக்காகக் காத்திருந்தார். கண்ணெதிரே 5 அடி 9 அங்குலச் சான்று. கையில் அதே பழைய நாடா. ஆனால் பாடம் கற்ற ஒருவர் இருந்தார். விக் ஃபேன்ஜியோ. ஸ்டார்ஸ் அணியில் இளம் உதவியாளராகவும், செயின்ட்ஸில் லைன்பேக்கர் பயிற்சியாளராகவும், பாந்தர்ஸில் தடுப்பணித் தலைவராகவும், மூன்று அணிகளில் மில்ஸோடு இருந்தவர். அவர்தான் 2024-ல் ஈகிள்ஸின் தடுப்பணியை ஏற்றார். வந்தவர் டீனை நடுவில் நிறுத்தி முழுநேரமும் ஆடவிட்டார். அந்த 128 டேக்கிள்கள் அவருக்குக் கீழ் வந்தவைதாம்.

ஆகவே என் தீர்ப்பு இது. முன்வரிசை வலுவாக உள்ள அணி, மருத்துவக் கோப்பு அனுமதித்தால், இப்படிப்பட்ட லைன்பேக்கரை இரண்டாம் சுற்றின் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டும். மூன்றாம் சுற்று வரை காத்திருப்பது வேறொருவருக்குப் பரிசு கொடுப்பது. முன்வரிசை வலுவற்ற அணி, எத்தனை விருது பெற்றவராக இருந்தாலும், அவரை முதல் சுற்றில் எடுக்கக் கூடாது. அடுத்த ஏப்ரலில் டிராஃப்ட் பார்க்கும் இளைஞர்களே, ஒரு பெயரை அறிவித்து, கூடவே உயரம் போதாது என்று ஒருவர் சொல்லும்போது, அந்த வீரரின் ஆட்டப் படத்தைத் தேடி எடுங்கள். பந்து நகரும் நொடியில் அவருடைய முதல் அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.